நெல்லுக்கு ஆகாத நிலம் எதற்கும் ஆகாதா?

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பக்கம் கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் தரிசு என்று பழகிவிட்டோம். தரிசில் சீமைக்கருவேலம் ஏற ரொம்ப நாள் ஆவதில்லை. எந்த நிலத்தில் எந்தத் தானியம் வரும் என்று செயற்கைக்கோள் படங்களையும் கணினி வரைபடத்தையும் வைத்து இன்று கணிக்க முடியும். அந்த வரைபடத்தை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1976-இல் இதற்கு ஒரு முறை வகுத்தது. நிலத்துக்கு ஐந்து தரம்: நன்றாக உகந்தது, ஓரளவு உகந்தது, சுமாராக உகந்தது, இப்போதைக்கு ஆகாது, எப்போதுமே ஆகாது. பயிருக்குப் பயிர் தரம் மாறும். நெல்லில் ‘இப்போதைக்கு ஆகாது’ என்று விழுகிற அதே புல எண், வரகுக்கு ‘ஓரளவு உகந்தது’ என்று வரலாம். நெல்லுக்கு மட்டும் வரைபடம் போட்டு, ‘ஆகாது’ என்று சிவப்பு விழுந்த இடத்தையெல்லாம் விவசாயத்துக்கே லாயக்கில்லை என்று ஒதுக்குவது அநியாயம். அப்படி ஒதுக்கிய நிலத்தில் அடுத்து மனைக்கல்தான் நடுகிறார்கள்.

சரிவு, மழை, மண்ணின் ஆழம், அமிலத்தன்மை, உப்பு எல்லாவற்றையும் தனித்தனிப் படலமாக அடுக்கி மதிப்பெண் போட்டுக் கூட்டுவதுதான் கணக்கு. கூட்டும்போது ஒரு ஆபத்து உண்டு. மற்ற எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் இருந்தால், ஆழமில்லாத மண்கூட ‘உகந்தது’ என்று பச்சையாகத் தெரியும். நம் செவல் காட்டில் கடப்பாரை போட்டுப் பாருங்கள். முழங்கால் ஆழம் போவதற்குள் சில இடங்களில் சரளை தட்டும், அதற்குக் கீழே செம்புறாங்கல். பத்தடி தள்ளிக் குத்தினால் இடுப்பளவு மண் இருக்கும். உலகம் முழுவதற்குமான மண் வரைபடம் ஒன்றில் ஒரு கட்டம் 250 மீட்டர், அதாவது 15 ஏக்கருக்கு மேல். அதில் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? அதனால் குழி வெட்டிப் பார்க்காத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் செயற்கைக்கோள் நன்றாகவே கைகொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்குள்ளும் ரேடார் படம் எடுக்கும். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். பல வருடப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு கண்மாயில் தண்ணீர் எத்தனை வாரம் நிற்கிறது என்று கணக்கிடலாம். தை வரை நிற்கிற கண்மாயின் ஆயக்கட்டுக்கு நெல் சரி. மார்கழியிலேயே வற்றினால், கடைமடைக்காரர் நாற்றுப் பாவுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். 90, 95 நாளில் அறுக்கிற குதிரைவாலியோ, மானாவாரியில் கேழ்வரகோ அவருக்குத் தோதாக இருக்கும். மடை எங்கே தூர்ந்திருக்கிறது, வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்பதெல்லாம் படத்தில் தெரியாது. அதை ஊரில் நீர் பாய்ச்சுகிறவர்தான் சொல்லவேண்டும். அவர் சொல்வதும் ஒரு படலமாக உள்ளே போகவேண்டும்.

‘இப்போதைக்கு ஆகாது’ என்ற தரத்தைக் கவனியுங்கள். அது மாறக்கூடியது. கண்மாயைத் தூர்வாரினால் தண்ணீர் கூடுதல் நாள் நிற்கும். அந்த வண்டலைச் செவலில் அடித்தால் ஈரம் பிடிக்கும்.

உங்கள் ஊருக்கு வரைபடம் போட யாராவது வந்தால் வரகு, குதிரைவாலி, கேழ்வரகு, நெல் நான்குக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். புல எண் எல்லையோடு கேளுங்கள். எங்கெங்கே குழி வெட்டினீர்கள் என்றும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.