பெங்குயின் பார்க்கப் போனது பாடமா, பிக்னிக்கா?

சரி, அடுத்த கேள்வி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். முழுவதும் படிக்கிறேன், கேளுங்கள்.

“டீச்சர், வணக்கம். வேலைக்காக இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு வாரம் ரெண்டு நாள் சாயங்காலம் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எல்லாருமே நாற்பது வயதுக்கு மேல். தொடங்கும்போது 18 பேர், இப்போது 6 பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் உங்கள் மாலை வகுப்பைப் பெங்குயின் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனதாகப் போன வீடியோவில் சொன்னீர்கள். அது பாடமா, பிக்னிக்கா? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.”

தம்பி, ரெண்டும்தான். ஆனால் பெங்குயினுக்குப் போவதற்கு முன்னால், உங்களைவிட்டுப் போன அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றிப் பேசிவிடலாம். மனம் தளராதீர்கள். முதல் வருஷம் என்னிடம் இருந்து போனவர்கள் அதைவிட அதிகம்.

கேப் டவுனில் ரைலண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஹால். ஏழு மணிக்கு வகுப்பு. ஒருவர் கடையை மூடிவிட்டு வருவார், ஒரு அக்கா ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு வருவார். நான் ஊரில் இருந்து கொண்டுவந்த பாலர் பாடப் புத்தகத்தைப் பிரித்து அம்மா, ஆடு, இலை, ஈ என்று ஆரம்பித்தேன். வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர், விரலால் தொட்டுத் தொட்டு ‘ஆ-டு’ என்று படித்தார். மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. குற்றம் அவருடையதா? பகலெல்லாம் நாலு பேருக்கு உத்தரவு போட்டுவிட்டு வருகிற ஒருவரை ராத்திரி ஒன்றாம் வகுப்புக் குழந்தையாக்கி உட்கார வைத்தது நான்தான்.

இன்னொரு தப்பும் செய்தேன். இவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி, ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையில் இருந்து டர்பனில் வந்து நின்றது. அதன் பிறகு எத்தனை தலைமுறை! இத்தனைக்கும் பிறகு இவர்கள் வாயில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். விரதம், காவடி, புரட்டாசி, கூழ், வடை, ரசம், அக்கா, பெரியம்மா, தாத்தா. சமையலறைத் தமிழும் கோவில் தமிழும் அப்படியே இருக்கின்றன. எல்லாம் பெயர்ச்சொல், கவனித்தீர்களா? ‘கூழ்’ இருக்கிறது, ‘ஊற்றுகிறார்கள்’ இல்லை. ‘விரதம்’ இருக்கிறது, ‘இருக்கிறேன்’ இல்லை. பெயர்ச்சொல்லை வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு நூறு வருஷம் வைத்திருக்கலாம். வினைச்சொல் அப்படி இல்லை, தினமும் பேசினால்தான் உயிரோடு இருக்கும். அதனால் இவர்களுக்கு வேண்டியது ‘ஆடு, இலை’ இல்லை. கண்ணெதிரே ஏதாவது ஒன்று விடாமல் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பெங்குயினைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. சும்மா நிற்கும்போதுகூட அது ஏதோ செய்துகொண்டிருக்கும், அதற்கு வருகிறேன்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கோம்பி என்கிற மினி பஸ் பிடித்து 11 பேர் போனோம். சைமன்ஸ் டவுன் தாண்டினால் போல்டர்ஸ் கடற்கரை. உருண்டை உருண்டையான பெரிய கருங்கல் பாறைகள், நடுவில் வெள்ளை மணல். பக்கத்திலேயே ஃபாக்ஸி பீச்சில் மரப் பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். பெங்குயின் கூட்டம் அங்கேதான், மேலே நின்று பார்க்கலாம். டிக்கெட் உண்டு.

பாடம் கார் நிறுத்துமிடத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. வண்டியை எடுப்பதற்கு முன் அடியில் பெங்குயின் இருக்கிறதா என்று பாருங்கள் என அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். விளையாட்டு இல்லை, வெயிலுக்கு நிழல் தேடி வண்டிக்கடியில் போய் நிற்குமாம். ‘குனி’, ‘பார்’, ‘நகர்’, ‘எடு’. அந்த ஆஸ்பத்திரி அக்கா எங்கள் டிரைவரிடம் சொன்னார்: “அண்ணா, குனிஞ்சு பாருங்க.” ஆறு மாதத்தில் நான் கேட்காமலே அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். டிரைவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தார்.

நான் செய்துகொண்டு போனது இவ்வளவுதான். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் பத்து வினைச்சொல், பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஆளுக்கு ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு 15 நிமிஷம் அதை மட்டும் பார்க்க வேண்டும். அப்புறம் ‘என் பறவை’ என்று தொடங்கி அது என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். நன்றாகத்தான் யோசித்திருந்தேன். ஆனால் தென்கிழக்குக் காற்று, இங்கே கேப் டாக்டர் என்று செல்லமாகச் சொல்வார்களே, அது பாதி அட்டையைப் பிடுங்கிப் புதருக்குள் போட்டுவிட்டது. நடைபாதையைவிட்டு இறங்கி எடுக்கவும் கூடாது. கடைசியில் அட்டை பறிபோனவர்கள்தான் நன்றாகப் பேசினார்கள். அடுத்த முறை நான் அட்டையே கொண்டுபோகப் போவதில்லை.

இதில் நானே எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. உங்கள் வகுப்பிலும் ழகரம் வந்திருக்காது, ‘பழம்’ ‘பலம்’ ஆகியிருக்கும். பெங்குயின் செய்வதை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பாறையில் வழுக்குகிறது. நழுவுகிறது. விழுகிறது. எழுகிறது. தண்ணீரில் மூழ்குகிறது. கழுத்தை நீட்டுகிறது. குழி தோண்டுகிறது. கத்தினால் கழுதை மாதிரி இருக்கிறது, அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ஜாக்கஸ் பெங்குயின் என்றே ஒரு பெயர். எங்கே பார்த்தாலும் ழ! பதினொரு பேர் காற்றில் நின்றுகொண்டு ‘வழுக்குது, விழுது, எழுது’ என்று கத்துகிறோம், பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர்கள் பறவைகளை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தார்கள்.

அந்தக் குழிக்கு ஒரு கதை இருக்கிறது. இந்தப் பறவை ஒரு காலத்தில் தீவுகளில் தன் எச்சமே இறுகி மேடாகிக் கிடந்த இடத்தில் குழி பறித்து முட்டையிட்டது. வெயிலும் படாது, முட்டையைத் தூக்கப் பறவையும் வராது. 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை வயலுக்கு உரம் என்று அடியோடு சுரண்டி எடுத்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இப்போது புதருக்கடியிலும், மனிதர்கள் செய்து வைத்த செயற்கைக் கூட்டிலும் அடைகாக்கிறது. அம்மாவும் அப்பாவும் முறை வைத்து, ஏறக்குறைய 40 நாள்.

ஒருவர் சலித்துக்கொண்டார். “டீச்சர், என் பறவை ஒண்ணும் செய்யல. சும்மா நிக்குது.” போய்ப் பார்த்தால் கந்தல் தலையணை மாதிரி ஒன்று நிற்கிறது, சுற்றிலும் இறகு. இறகு மாற்றும் காலம் இங்கே பெரும்பாலும் நவம்பரில் இருந்து ஜனவரி வரை. பழைய இறகு முழுவதும் ஒரேயடியாக உதிர்ந்து புதிது முளைக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை உடம்பில் தண்ணீர் புகும், குளிரும், அதனால் கடலுக்குப் போக முடியாது. கடலுக்குப் போகாவிட்டால் சாப்பாடு கிடையாது. முன்கூட்டியே நன்றாகத் தின்று கொழுத்துவிட்டு வந்து அப்படியே பட்டினியாக நிற்கும். இதை நான் பாதி சொல்லும்போதே அந்த அக்கா, “விரதம்!” என்றார். புரட்டாசி விரதமும் காவடி விரதமும் தவறாமல் இருக்கிற குடும்பம். இன்னொருவர் சேர்த்துக்கொண்டார்: “நமக்குப் புரட்டாசி முடிஞ்சுது, இதுக்கு ஆரம்பம்.” முழு வாக்கியம், தம்பி! இறகு ‘உதிர்கிறது’, பறவை இறகை ‘உதிர்க்கிறது’. கரும்பலகையில் ரெண்டு மாதம் எழுதிக் காட்டியும் ஏறாத வித்தியாசம் அங்கே ரெண்டு நிமிஷத்தில் ஏறியது.

அப்புறம் அந்த அக்கா தன் பறவையைப் பற்றிச் சொன்னார். “அவர் வருகிறார். அவர் பார்க்கிறார். அவர் போகிறார்.” பாட்டி வீட்டில் பெரியவர்களைப் பற்றியும் கோவிலில் சாமியைப் பற்றியும் பேசக் கேட்டதுதான் அவருக்குத் தெரிந்த தமிழ். அஃறிணை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் திருத்த வாயெடுத்தேன். கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக அது நடந்து போன தோரணையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் வெளியே கூட்டிக்கொண்டு போகும் அன்றைக்குத் திருத்தாதீர்கள். அதை வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மட்டும் எந்தப் பறவையையும் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் வந்து ஆங்கிலத்தில், ‘உள்ளே அனுமதிக்க மாட்டார்கள் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது’ என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். “முன்னே எங்களை உள்ளே விடமாட்டாங்க” என்றார். சைமன்ஸ் டவுனை 1967இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, மற்றவர்களை வெளியேற்றினார்கள். 1982இல் முதல் ரெண்டு ஜோடி பெங்குயின் இங்கே வந்து குடியேறியபோது, இவரைப் போன்றவர்கள் இந்த ஊரில் குடியேற முடியாது. நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த கடற்கரைகளை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக அப்போதைய அதிபர் டி கிளார்க் அறிவித்தது 1989இல், அதுவும் ட்ரூரோ வந்து நின்ற அதே நவம்பர் 16ஆம் தேதி. பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ரெண்டாவது வாக்கியத்தையும் தானே கட்டினார்: “இப்போ விடுறாங்க. காசு வாங்கிட்டு விடுறாங்க.” எல்லாரும் சிரித்துவிட்டோம், அவர்தான் முதலில் சிரித்தார்.

மத்தியானம் சாப்பாடு. ஒரு வீட்டில் இருந்து டின் மீன் குழம்பும் ரொட்டியும் வந்திருந்தன. இந்த நாட்டுத் தமிழ் வீடுகளில் அது இல்லாமல் வாரம் நகராது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். டின்னில் பில்சார்ட் என்று போட்டிருக்கும், அது நம் மத்தி வகைதான். பெங்குயினுக்கு முக்கியமான சாப்பாடும் அதேதான், மத்தியும் நெத்திலியும். டர்பனில் வளர்ந்தவர்கள் உடனே சார்டின் ரன் கதையை எடுத்துவிட்டார்கள், ஜூன், ஜூலையில் கரையோரம் மீன் கூட்டம் வரும்போது கூடையும் பாவாடையும் கொண்டு அள்ளிய கதை. அந்த மீன் குறைந்ததுதான் இந்தப் பறவைக்குப் பெரிய அடி. இனப்பெருக்க ஜோடிகள் இப்போது 10,000க்கும் கீழே. 2024இல் ‘மிக அருகிய இனம்’ என்ற பட்டியலுக்குத் தள்ளிவிட்டார்கள். 2025 மார்ச்சில் நீதிமன்றம் வரை போன வழக்கில் உடன்பாடு ஏற்பட்டு, ஆறு பெங்குயின் குடியிருப்புகளைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்க 10 வருஷத்துக்குத் தடை எல்லை போட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் குழம்பு கொண்டுவந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பரவாயில்லை, ஊற்றுங்கள் என்றோம். ஊற்றினார். ‘ஊற்றுகிறார்’, அந்த வினைச்சொல்லும் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் இறந்தகாலம். அதற்கும் பெங்குயின் கதைதான். 2000 ஜூனில் ட்ரெஷர் என்ற கப்பல் கேப் டவுனுக்கு அருகே மூழ்கி எண்ணெய் கொட்டியது. எண்ணெய் பட்ட பறவைகள் 19,000 போல, பிடித்துக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னொரு 19,500 பறவைகளை என்ன செய்வது? லாரியில் ஏற்றி 800 கிலோமீட்டர் தள்ளி போர்ட் எலிசபெத் பக்கம் கடலில் விட்டார்கள், நீந்தி வீடு வந்து சேர்வதற்குள் எண்ணெயை அள்ளிவிடலாம் என்று. பீட்டர், பமேலா, பெர்சி என்று பெயர் வைத்து மூன்று பறவைகள் மேல், எங்கே போகின்றன என்று காட்டும் கருவி கட்டி அனுப்பினார்கள். திரும்பி வந்துவிட்டன. கதையை நான் சொல்லவில்லை, பிடித்தார்கள், கழுவினார்கள், விட்டார்கள், நீந்தினார்கள் என்று அவர்களே மாறி மாறிச் சொன்னார்கள். பீட்டரும் அவர்தான், பமேலாவும் அவர்தான்.

மாலை வகுப்பு என்றால் ஏதோ பொழுதுபோக்கு என்று இங்கே சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். டர்பனில் எம். எல். சுல்தான் கல்லூரி வளர்ந்ததே வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்புகளில் இருந்துதான், அவர்களிடம் சொல்லுங்கள்.

சரி, உங்கள் ஊரில் கடல் இல்லையே என்பீர்கள். வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கில் விடிந்தால் கூரை மேல் உட்கார்ந்து ஹடீடா பறவை கத்துகிறதே, அது போதும். புல்வெளியில் அலகைக் குத்தும், புழுவை இழுக்கும், விழுங்கும், விரட்டினால் திட்டிக்கொண்டே பறக்கும். அந்த ஆறு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பார்க்குக்கு வரச் சொல்லுங்கள். முடிந்தால் போன பன்னிரண்டு பேருக்கும் ஒரு போன் போடுங்கள், வகுப்பு என்று சொல்லாதீர்கள், சாப்பாடு உண்டு என்று சொல்லுங்கள். ஒரே ஒரு குறை, ஹடீடாவிடம் ழகரம் அவ்வளவாகக் கிடைக்காது. ‘புழு’வையும் ‘விழுங்கு’வையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.