லேபர் என்னும் ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். லேபர் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முற்படுபவர், ஒரே சொல்லை வைத்து எல்லா இடங்களிலும் ஒப்பேற்றிவிட முடியாது. பொருளியலில், நிலத்துக்கும் மூலதனத்துக்கும் பக்கத்தில் வரும்போது அது உழைப்பு. சட்டத்தில் பெரும்பாலும் தொழிலாளர். மருத்துவமனையின் லேபர் வார்டிலோ பேறுகால வலி. பிரிட்டனில் 1900ஆம் ஆண்டு தோன்றி, 1906இல் இச்சொல்லையே பெயராக்கிக்கொண்ட கட்சியைத் தொழிற்கட்சி என்கிறோம்.

இப்பொருள்கள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. மூலமான இலத்தீன் சொல், வேலையோடு அதனால் வரும் களைப்பையும் துன்பத்தையும் சேர்த்தே குறித்தது. அதன் வழிவந்த பிரெஞ்சு வினைச்சொல்லுக்கு இன்று நிலத்தை உழுதல் என்று பொருள். நமக்கு இது புதிதன்று. 'உழந்தும் உழவே தலை' என்ற குறளடியில் உழந்தும் என்பது வருந்தியும் என்று பொருள்படும். உழத்தல், உழவு, உழைப்பு என்ற சொற்கள் எவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றன என்று பாருங்கள். பாடுபடுதல் என்ற வழக்கிலும் துன்பமும் வேலையும் பிரியாமல் நிற்கின்றன.

ஆனால் மகப்பேற்றுக்கு வரும்போது நாம் வேறு வழியில் போய்விட்டோம். இடுப்பு வலி எடுத்தது, வலி கண்டது என்கிறோம். அதாவது, தாய்க்கு நேர்வதைச் சொல்கிறோமே தவிர, அவள் செய்வதைச் சொல்வதில்லை. ஆங்கிலமோ அதை வேலையாகவே பெயரிட்டிருக்கிறது. மணிக்கணக்கில் உடல் முழுவதையும் ஈடுபடுத்தும் ஒரு செயலுக்கு அது பொருத்தமான பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளரை உண்மையில் திணறடிப்பது, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1944இல் பிலடெல்பியாவில் வெளியிட்ட பிரகடனத்தின் ஒரு சிறு வாக்கியம். லேபர் ஒரு விற்பனைச் சரக்கன்று என்கிறது அது. உழைப்பு என்று எழுதினால், நாள்தோறும் கூலிக்கு விற்கப்படும் ஒன்றைச் சரக்கில்லை என்பது எப்படி என்று வாசகர் கேட்பார். தொழிலாளர் என்று எழுதினால், மனிதர் சரக்கல்லர் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்டதுதானே என்று கடந்துபோவார். ஆங்கிலத்தில் செயலும் செய்பவரும் ஒரே சொல்லில் இருப்பதால், ஒன்றை வாங்குகிறவர் மற்றவரை மறக்க முடியாதபடி அந்த வாக்கியம் அமைந்துவிட்டது. நான் உழைப்பு என்றே எழுதுவேன். அந்தக் கேள்வி எழட்டும்.