தாழ்வான பகுதி என்றால் எந்தத் தெரு?

மதுரை வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் பிறந்தது ராமநாதபுரம் சீமையில், பாக் நீரிணைக் கரையில் உள்ள ஒரு சின்ன மீனவக் கிராமம். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கம். அந்த முகத்துவாரத்தில் இருக்கும் ஊருக்குப் பெயரே ஆற்றங்கரைதான். கல்யாணமாகி மதுரைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடு செல்லூரில். ஆக, ஒரே ஆற்றின் நடுவிலும் கடைசியிலும் எனக்குச் சொந்தபந்தம் இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் இரண்டு பக்கத்தையும் நினைத்துத் தூக்கம் போய்விடும்.

2024 அக்டோபர் 25-ஆம் தேதியை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிற்பகலில் பிடித்த மழை, கால் மணி நேரத்தில் மட்டும் நாலரை சென்டிமீட்டர் கொட்டியது. அன்று மொத்தம் 9.8 சென்டிமீட்டர். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற நேரம். எங்கள் தெருவில் முதலில் சாக்கடை மேலேறி வந்தது, அப்புறம் கண்மாய்த் தண்ணீர் வந்தது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றினோம், கட்டிலுக்கும் தண்ணீர் வரும்போலத் தெரிந்ததும் பரணில் ஏற்றினோம். கரண்ட் போய்விட்டது. கையில் இருந்த செல்போனில் ஒரு செய்தி: தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

அதை நான் சத்தமாகப் படித்தேன். பக்கத்து வீட்டு அப்பத்தா, எண்பது வயதைத் தாண்டியவர், வாசற்படியில் நின்றபடி கேட்டார்: "ஏத்தா, நம்ம தெரு தாழ்வா, மேடா? பாதுகாப்பான இடம்னா எங்கத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெருவில் யாருக்குமே தெரியவில்லை. இன்று உங்களோடு பேச வந்ததே அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான்.

அடுத்த மாதமே, நவம்பர் 20-ஆம் தேதி, என் பிறந்த ஊர்ப் பக்கம் மழை வெளுத்து வாங்கியது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எல்லாம் வெள்ளக்காடு. பதறிப்போய் சின்னம்மாவுக்கு போன் போட்டேன். அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எப்படிப் போனீர்கள் என்று கேட்டால், "பள்ளிவாசல் மைக்ல சொன்னாங்க. கீழத்தெரு ஆளுக எல்லாம் இப்பவே பள்ளிக்கூடத்துக்கு வாங்க, கஞ்சி இங்க வருது, ஆடு மாட்டை மேட்டுல கட்டிட்டு வாங்கன்னு. வந்துட்டோம்" என்றார். எந்தத் தெரு, எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும், போனால் என்ன கிடைக்கும் என்று எல்லாமே அந்த அறிவிப்பில் இருந்தது. சின்னம்மா யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள் என்று இதே வானொலியில் கேட்டிருப்பீர்கள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண். ஒன்று என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது. மூன்று என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரப்போகிறது. பதினொன்று என்றால் புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் இது தெரியும். கூண்டு ஏறியது என்று கேட்டதும் வத்தை என்கிற சின்னப் படகைக் கரையில் இழுத்துப் போட்டு, வலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். மீன்துறையிலும் அன்றைக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்த கரை அது. எச்சரிக்கையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள அவர்களால் முடியாது.

சரி, நம் வைகைக்கு வருவோம். வைகை அணையில் தண்ணீர் தேக்குகிற முழு உயரம் 71 அடி. 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு உபரித் தண்ணீரை ஆற்றில் திறப்பார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் செய்தி போகும். திறந்த தண்ணீர் பேரணை, சிற்றணை தாண்டி, சோழவந்தான் வழியாக நம் ஊருக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். கல்பாலத்துக் கீழே தரைப்பாலத்தை மூடவும், ஆற்றுக்குள் கட்டியிருக்கிற மாட்டை அவிழ்க்கவும், துணி துவைக்கிறவர்களை ஏற்றிவிடவும் அந்த அவகாசம் போதும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் செல்லூருக்குள் அன்று வந்த தண்ணீர் அணைத் தண்ணீரே கிடையாது. நம் தலைக்கு மேல் பெய்த மழையும், நிரம்பிய கண்மாயும், போக வழியில்லாத பந்தல்குடி வாய்க்காலும் சேர்ந்து கொடுத்த தண்ணீர். அதற்கு 66 என்றோ 69 என்றோ எண் எதுவும் கிடையாது. ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு அணையின் கணக்கு உதவும். கண்மாய்க்கரையில் குடியிருப்பவருக்கு யார் சொல்வது?

ஒரு காலத்தில் சொல்ல ஆள் இருந்தது. என் மாமியார் ஊர் மேலூர்ப் பக்கம். அங்கே கண்மாய்க்கு மடைக்குடும்பன் என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. நம் சீமையில் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேல் கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். மறுகால் பாயத் தொடங்கியதுமே மடைக்குடும்பன் கீழூருக்கு ஆள் அனுப்பிவிடுவார் என்று மாமியார் சொல்வார்கள். கீழூரில் கரையைப் பலப்படுத்த மண்வெட்டியோடு ஆட்கள் தயாராக இருப்பார்களாம்.

மதுரைக்குள் அந்தச் சங்கிலி இன்னும் இருக்கிறது, மேலே வீடு கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். தல்லாகுளம், பீபீகுளம், ஆலங்குளம், உலகனேரி, மாடக்குளம் என்று பஸ்ஸில் தினமும் சொல்லி இறங்குகிற பெயர்களை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். நாகமலையில் பிறந்து துவரிமான் கண்மாய் வழியாக ஊருக்குள் வருகிற கிருதுமால் நதியை இன்று சாக்கடை என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். மழை நாளில் அது மறுபடி நதியாகிவிடுகிறது.

செய்தி சொல்கிற முறையும் மாறிவிட்டது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா போடுவதை நிறுத்தச் சொன்னது. அது மிகச் சரியான முடிவு. ஒரு சாதியார் தலையில் மட்டும் கட்டியிருந்த வேலை அது, எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னார்கள். ஒலிபெருக்கி ஆட்டோ மெயின் ரோட்டில் போகிறது. முட்டுச்சந்துக்குள் படுத்திருக்கிற அப்பத்தாவுக்கு அது கேட்பதில்லை.

வெள்ளம் மட்டும் என்றில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் தீவுக்குள் ரயில் போகவில்லை. பாலம் பழுதானால் நிறுத்தத்தான் வேண்டும், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நிறுத்திய புதிதில் என் தங்கச்சி மீன் கூடையோடு நின்றது நடைமேடையில். எங்கே இறங்கி எந்த பஸ் பிடிப்பது என்பதை ஒரு டீக்கடைக்காரர்தான் சொல்லியிருக்கிறார்.

கடலோரத்தில் வீடு கட்டுகிற விதியும் இப்படித்தான் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது, 2011-இல் மாறியது, 2019-இல் மறுபடி மாறியது. இப்போதைய அறிவிக்கையின்படி கிராமப்புறத்தில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழ்ந்தால், கடல் தண்ணீர் ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர், குறைவாக இருந்தால் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்க வழி உண்டு. என் தம்பி கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தக் கோடு நம்ம வீட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா அக்கா?" வரைபடத்தில் கோடு இருக்கிறது. மணலில் ஒரு கல்லாவது நட்டு வைத்தால் அவனுக்குப் புரியும்.

எங்கள் தெருவில் போன வருஷம் நாங்களே ஒரு வேலை செய்தோம். 2024-இல் தண்ணீர் நின்ற உயரத்தைத் தெருமுனைச் சுவரில் நீலப் பெயிண்டில் கோடு போட்டோம். தெருவில் நடக்க முடியாதவர்கள் ஏழு பேர். யார் வீட்டு ஆண்பிள்ளை யாரைத் தூக்குவது என்று பேசி வைத்தோம். கண்மாய்க்கரையில் இருக்கிற டீக்கடைக்காரரிடம், தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டால் போன் செய்யச் சொல்லியிருக்கிறோம். கோட்டுக்குக் கீழே, போக வேண்டிய பள்ளிக்கூடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினோம். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் பள்ளிக்கூடத்து வாசல் வேப்பமரத்தையும் வரைந்தோம்.

இதை அரசாங்கமே ஒவ்வொரு தெருவுக்கும் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். மதுரை மாநகராட்சியில் 100 வார்டு இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது அங்கே குப்பை எடுக்க வருகிற தூய்மைப் பணியாளருக்கே தெரியும். அவரைக் கேட்டு எழுதினால் போதும். எச்சரிக்கை அனுப்பும்போது தெருப் பெயரைச் சொல்லுங்கள், போக வேண்டிய கட்டடத்தைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள்.

கடைசியாக, பென்சில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. அறுந்த மின்கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987. மறுபடி சொல்கிறேன், 94987 94987. செல்போனில் மட்டும் வைக்காமல், அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். கரண்ட் போய் செல்போன் அணைந்தாலும் சுவர் இருக்கும்.

வணக்கம்.