பால்டிமோரின் 21 தோல்விகள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு காட்சி உண்டு. ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸ் வாக்கில் பந்து வீசும் பிட்சர் களைத்துப் போயிருப்பார். எதிரணிக்காரர் இரண்டு பேர் ஏற்கெனவே பேஸில், அதாவது சுற்றி ஓடி 'வீடு' திரும்பினால் ஒரு ரன் என்கிற நிலைகளில், நின்றுகொண்டிருப்பார்கள். அப்போது ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் என்கிற பள்ளத்திலிருந்து ஒரு பெரியவர் படியேறி வந்து, மைதானத்தின் நடுவிலிருக்கும் மண்மேட்டை நோக்கி நடப்பார். ஓட மாட்டார், நடப்பார். மேட்டை அடைந்ததும் ஒரு வார்த்தை பேசுவார், அல்லது பேசாமலே உள்ளங்கையை நீட்டுவார். பிட்சர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறுவார்.

அந்தப் பெரியவர்தான் மேனேஜர். அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் அவருடைய நடையை யாரும் கவனிக்க மாட்டார்கள். தோற்றுக்கொண்டிருந்தாலோ, அவர் முதல் அடி எடுத்து வைக்கும்போதே அரங்கம் முழுக்கக் கூச்சல் கிளம்பிவிடும்.

அமெரிக்காவின் பால்டிமோர் பக்கத்தில் நான் குடியிருந்தபோது, உள்ளூர் அணியான ஓரியோல்ஸ் அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு கோடையில் கேம்டன் யார்ட்ஸ் அரங்கத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பழைய ஆரஞ்சு நிறத் தொப்பி. தொப்பியின் விளிம்பு வியர்வை பட்டு வெளிறியிருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்தே எழுந்து நின்று, "அவனை வெளியே எடு, எடு!" என்று மேனேஜரைப் பார்த்துக் கத்தினார். அடுத்த இன்னிங்ஸில் மேனேஜர் அந்த பிட்சரை எடுத்தார். புதிதாக வந்தவர் போட்ட மூன்றாவது பந்தே ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. "ஏன் எடுத்தாய்?" என்று கத்தினார் அதே மனிதர். குரல் கம்மிப் போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கும்போது டாக்டர் எதைச் செய்தாலும் தப்பாகத்தானே தெரியும், அதுதான் நினைவுக்கு வந்தது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் அடுத்த ஓவர் யாருக்கு என்பதைக் களத்தில் நிற்கும் கேப்டன் தீர்மானிப்பார். பேஸ்பாலில் அது மேனேஜர் கையில். ஒருமுறை வெளியே எடுத்த ஆட்டக்காரரை அன்றைய ஆட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே ஒவ்வொரு மாற்றமும் திருத்த முடியாத முடிவு. போதாததற்கு வருஷத்துக்கு 162 ஆட்டங்கள். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை அநேகமாகத் தினமும் ஆட்டம். தோற்கும் அணியின் ரசிகனுக்குக் காயம் ஆற ஒரு நாள் அவகாசம் கிடையாது.

இப்போது 1988-க்கு வாருங்கள். ஓரியோல்ஸ் ஒரு காலத்தில் ராஜாங்கம் நடத்திய அணி. 1966, 1970, 1983 என்று மூன்று முறை உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சக் கோப்பையை, வென்றவர்கள். 1988 ஏப்ரல் 4-ஆம் தேதி பால்டிமோர் மெமோரியல் ஸ்டேடியத்தில் பருவத்தின் முதல் ஆட்டம். மில்வாக்கி அணியிடம் 12-0 என்று தோற்றார்கள். அடுத்ததும் தோல்வி. அதற்கடுத்ததும் தோல்வி. ஆறு ஆட்டம் முடிந்ததும் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 162 ஆட்டங்களில் வெறும் ஆறு!

அந்த மேனேஜர் கால் ரிப்கன் சீனியர். 1957-ல் இளம் ஆட்டக்காரராக அந்த அமைப்புக்குள் வந்து, சின்ன ஊர் அணிகளில் பயிற்றுவித்து, பிறகு பால்டிமோரில் கோச்சாக இருந்து, ஒரு வழியாக 1987-ல்தான் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய இரண்டு மகன்களும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் கால் ரிப்கன் ஜூனியர், பின்னாளில் தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள் ஆடிச் சாதனை படைத்தவர். இளையவர் பில்லி. அப்பாவை நீக்கியதும் பில்லி வாய் திறந்து சண்டை போடவில்லை. தன் சட்டையிலிருந்த 3 என்ற எண்ணை மாற்றி, அப்பா போட்டிருந்த 7-ஐ வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மவர்கள் சொல்வார்கள். 1983-க்குப் பிறகு நிர்வாகம், வயதேறிய நட்சத்திரங்களைப் பெரிய தொகைக்கு வாங்கியது. அன்றைய விதிப்படி அதற்கு விலையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமைகளை விட்டுக்கொடுக்க வேண்டும். விதைநெல்லை எடுத்து விருந்து வைத்த கதை. 1988-ல் குதிர் காலி. அதற்கு மண்மேட்டுக்கு நடந்து போகும் மனிதர் என்ன செய்வார்? ஆனால் நிர்வாகத்தின் முகம் யாருக்கும் தெரியாது. மேனேஜரின் முகத்தைத் தினமும் பார்க்கலாம், கூப்பிட்டுத் திட்டலாம். கோபம் அவர் மேல்தான் விழுகிறது. இதில் ரசிகனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கோபம் நியாயமானது, போய்ச் சேருகிற இடம்தான் தப்பு.

ரிப்கனுக்குப் பதிலாக வந்தவர் சாதாரண ஆளில்லை. ஃபிராங்க் ராபின்சன். 586 ஹோம் ரன் அடித்தவர். 1975-ல் கிளீவ்லாந்து அணிக்குப் பொறுப்பேற்று, அமெரிக்காவின் மேஜர் லீகில் முதல் கறுப்பின மேனேஜர் ஆனவர். 1966-ல் இதே பால்டிமோருக்குக் கோப்பை வாங்கித் தந்த அணியின் நாயகன். அவர் வந்த பிறகு அணி மேலும் 15 ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றது. மொத்தம் 21. அதற்கு முன்பு ஒரு பருவத்தின் தொடக்கத்தில் எந்த அணியும் 13 ஆட்டங்களுக்கு மேல் தொடர்ந்து தோற்றதில்லை.

இந்த இடத்தில் நம் வானொலிக்கு உறவுக்காரர் ஒருவர் வருகிறார். பால்டிமோர் வானொலி அறிவிப்பாளர் பாப் ரிவர்ஸ், ஓரியோல்ஸ் ஒரு ஆட்டம் ஜெயிக்கும்வரை ஒலிபரப்பை விட்டு நகர மாட்டேன் என்று சபதம் செய்தார். ஒரு நாள், இரண்டு நாள் என்றுதான் நினைத்திருப்பார். 258 மணி நேரம் ஆயிற்று. கிட்டத்தட்ட 11 நாள்! காலையில் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் வானொலியைத் திருப்புகிறான். அதே குரல், நேற்றைவிடக் கரகரத்து. அதைக் கேட்ட ஊருக்கு, நம்மோடு சேர்ந்து ஒருவன் அவதிப்படுகிறான் என்கிற ஆறுதல் கிடைத்திருக்கும். ஏப்ரல் 29-ஆம் தேதி சிகாகோவில் ஒயிட் சாக்ஸ் அணியை 9-0 என்று வென்றார்கள். ரிவர்ஸ் தூங்கப் போனார்.

பிறகு சிகாகோவிலேயே மேலும் இரண்டு தோல்வி. ஒரு வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு மே 2-ஆம் தேதி ஊர் திரும்பினார்கள். அன்று மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 50,402 பேர். நாட்டிலேயே மோசமான அணியைப் பார்க்க! எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏன் என்று புரிய நாலு வருஷம் பின்னால் போக வேண்டும். 1984 மார்ச்சில் ஓர் இரவு, அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான கோல்ட்ஸை, தட்டுமுட்டுச் சாமானோடு லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டார் உரிமையாளர். விடிந்து பார்த்தால் ஊரில் அணி இல்லை. தோற்பதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருப்பதை அந்த ஊர் பார்த்திருந்தது. அந்த மே மாத இரவில்தான், ஓரியோல்ஸ் ஊரிலேயே இருக்கும், புதிய அரங்கம் வரும் என்ற ஒப்பந்தச் செய்தியை அறிவித்தார்கள். டெக்சாஸை 9-4 என்று ஜெயிக்கவும் செய்தார்கள். அந்தப் பருவத்தை 107 தோல்விகளோடு முடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

இதே ஊர் 2021-லும் 19 தொடர் தோல்விகளைப் பார்த்தது. அந்த வருஷம் மொத்தம் 110 தோல்வி. மேனேஜர் பிராண்டன் ஹைடை நீக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. நிர்வாகம் அசையவில்லை. இளைஞர்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 2023-ல் அதே ஹைடின் கீழ் 101 வெற்றி, ஆண்டின் சிறந்த மேனேஜர் விருது. பொறுத்ததற்குப் பலன் கிடைத்தது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். 2025 மே மாதம், 15 வெற்றி, 28 தோல்வி என்ற நிலையில் அவரையும் நீக்கிவிட்டார்கள். விருது வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இன்றும் எனக்கு அதில் வருத்தம்தான்.

1989-ல் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஃபிராங்க் ராபின்சனின் அணி 87 ஆட்டங்களை வென்று, டொராண்டோவுக்கு இரண்டே ஆட்டம் பின்தங்கி இரண்டாவதாக வந்தது. ராபின்சனுக்குச் சிறந்த மேனேஜர் விருது கிடைத்தது. அந்த வருஷம் மூன்றாவது பேஸ் ஓரத்தில் கோச்சாக நிற்க ஒருவரைத் திரும்ப அழைத்திருந்தார்கள். ஆறே ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட கால் ரிப்கன் சீனியர்தான் அவர். தன் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க, சுண்ணாம்புக் கோட்டருகே நின்றுகொண்டு, தலைதெறிக்க ஓடிவரும் மகனைப் பார்த்து, நிற்காதே, வீட்டுக்கு ஓடு என்று கையைச் சுழற்றிக் காட்டுவது இப்போது அவருடைய வேலை.

நன்றி, வணக்கம்.