இரண்டு சுரண்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகத்துச் சின்ன அருங்காட்சியகங்களைப் பற்றியும் நம் மண்ணில் கிடைத்த பழம்பொருட்களைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் தொல்லியல் படித்தவன் இல்லை. தோட்டப் பாடசாலைகளில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதனால் முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கம் படிப்பித்த காலம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். வெள்ளைப் பளிங்குக்கல், குவார்ட்ஸ் என்பார்களே அது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் தடிப்பு. மறுபக்கத்து விளிம்பு பொடிப்பொடியாகக் கொத்திவிட்டதுபோல் பல் பல்லாக இருந்தது. அவனுடைய அம்மா தோட்டத்து ஏழாம் நம்பர் தேயிலை மலையில் புல் சுரண்டும்போது கிடைத்ததாம். "சேர், இது வெட்டுது" என்று விரலைக் காட்டினான். உண்மையிலேயே கீறியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சல்லிக்கல்லடா, போய் உட்கார்" என்று ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

சில வருடம் கழித்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அச்சாக அதே மாதிரிக் கற்கள்! வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

அவற்றை நுண்கற்கருவிகள் என்பார்கள். பெரும்பாலும் நாலு சென்ரிமீற்றருக்கு உட்பட்டவை. பிறை வடிவம், முக்கோணம், சரிவகம் என்று உண்டு. தனியாகக் கையில் பிடிக்க முடியாது. கற்கால மனிதர்கள் தடியிலோ எலும்பிலோ பதித்து அம்பாகவும் கத்தியாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் இத்தகைய கருவிகள் 45,000 ஆண்டு பழைய மண் அடுக்கிலேயே கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் இப்படிச் சின்னக் கருவிகள் பரவலானது அதற்கு வெகுகாலம் பிந்தித்தான்.

சரி, மலைநாட்டில் பளிங்குக்கல்லுக்குப் பஞ்சமா? எது கருவி, எது வெறும் கல்? பளிங்கு சொன்னபடி உடையாத கல் என்பதால் படித்தவர்களே தடுமாறுவார்கள். ஆனால் விளிம்பைப் பாருங்கள். தானாக உடைந்த கல்லில் முறிவு தாறுமாறாக இருக்கும். மனிதன் தட்டிய கல்லில் ஒரே பக்கமிருந்து ஒரே அளவில் சின்னச்சின்னச் சில்லுகள் பெயர்ந்திருக்கும். என் மேசைக்கு வந்த கல் அப்படித்தான் இருந்தது.

இந்தக் கற்களை முதலில் கண்டுகொண்டவர்களும் தொல்லியலாளர்கள் இல்லை. ஒருவர் ஈ. ஈ. கிறீன், பூச்சிகளை ஆராய்ந்தவர். பிறகு அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்தார். இன்னொருவர் ஜோன் போல் என்ற தோட்டத்துரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேராதனை, நாவலப்பிட்டி, மஸ்கெலியா வட்டாரங்களில் பொறுக்கிச் சேர்த்தார்கள். போல் 1913இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1907இல் சுவிற்சர்லாந்திலிருந்து சராசின் என்ற ஆய்வாளர்கள் இருவர் வந்து குகைகளைத் தோண்டினார்கள். பண்டாரவளைக் குன்றுகளிலும் ஏராளமாகக் கிடைத்தன.

ஏன் தோட்டங்களில் இவ்வளவு? காட்டை வெட்டி முதலில் கோப்பி போட்டார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிய, தேயிலை வந்தது. இரண்டுக்கும் புல் பூண்டு ஒன்றும் இல்லாமல் நிலத்தைச் சுரண்டி வைப்பதுதான் அந்தக் காலத்து முறை. மழைக்கு மேல்மண் வழிந்து ஆற்றுக்குப் போனது. ஆயிரக்கணக்கான வருடம் அடியில் கிடந்த கல் வெளியே தலைகாட்டியது. பள்ளம் தோண்டியதும் கான் வெட்டியதும் புல் சுரண்டியதும் யாருடைய கைகள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டில் ஏறியது துரைமார் பெயர். துரை கண்ணில் பட்ட கல்லைவிட நம் ஆட்களின் சுரண்டியில் பட்ட கல்தான் அதிகம் என்பது என் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், தோல் சுரண்டப் பயன்பட்ட அந்தக் கல் வகைக்குத் தொல்லியல் தமிழில் பெயரே சுரண்டிதான். ஏழாம் நம்பர் மலையில் இரும்புச் சுரண்டி போய்க் கற்சுரண்டியில் தட்டியிருக்கிறது.

கல்லை விட்டு நம் சொந்தச் சாமான்களுக்கு வருவோம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் ஒரு கோடு போட்டது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது என்றால் தொல்பொருள். பிந்தியதைப் பாதுகாக்க வேண்டுமானால் தனியாக அறிவிக்க வேண்டும். நம் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வரத் தொடங்கியது 1820களில். கோடு போட்டவர்கள் நம்மை நினைத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் நம் சட்டி பானை, தப்பு, கூடை எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மலைநாட்டில் தமிழ் இல்லாமலும் இல்லை. கம்பளை இராசதானிக் காலத்தில், 1344இல் எழுந்த லங்காதிலக விகாரையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. அதே ஆண்டுக் கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி. பேராதனைப் பக்கம் போனால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து கம்பளைக்கு வந்தால், பரதெக்கவுக்குக் கிட்ட ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு பழைய லயத்தையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 2007இல் திறந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம். ஹந்தானையில் பழைய தொழிற்சாலையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகமும் நல்லதுதான். அங்கே உருளைகளும் உலர்த்திகளும் பெரிது பெரிதாக நிற்கும். ஆனால் அது தேயிலையின் கதை. பரதெக்கவில் காம்பராவுக்குள் குனிந்து நுழையும்போதே புகைக்கரி படிந்த கூரையின் நினைவு எனக்கு வந்துவிட்டது. பிறந்த வீட்டை ரிக்கற் இல்லாமல் பார்த்த மாதிரி.

எங்கள் வீட்டிலும் ஒரு சாமான் இருக்கிறது. அக்காவின் தகரப் பெட்டியில், சேலைக்கு அடியில். பழைய ஐம்பது சத நாணயம் அளவில் தகரத்தில் ஒரு வில்லை. மேலே ஒரு துளை. அப்பாயி சின்னப் பிள்ளையாக, தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய தமிழ்நாட்டு மண்டபம் முகாம் வழியாக வந்தபோது கழுத்தில் கயிறு கோத்துக் கட்டிவிட்டது. 1900களின் தொடக்கத்தில் வந்த முறை அது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். எழுத்தை இப்போது துரு தின்றுவிட்டது. தடவினால் எண் மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அந்த வில்லை இருந்தால் ரயிலுக்குக் காசு கேட்கமாட்டார்கள். செலவெல்லாம் பற்றுக் கணக்கில் ஏறும். அப்புறம் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி துண்டு முறை வேறு. அது 1921இல்தான் ஒழிந்தது. வில்லையை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்போம் என்று அக்காவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "நான் இருக்கும்வரை இங்கேயே கிடக்கட்டும்" என்கிறாள்.

இன்னோர் அருங்காட்சியகம் இருக்கிறது. கூரை இல்லை, காவலாளி இல்லை, வருடம் முழுவதும் திறப்பதும் இல்லை. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தைத் தண்ணீருக்குள் விட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் இவற்றின் மிச்சங்கள் சேற்றுக்கு மேலே வரும். சனம் குடையும் பிள்ளைகளுமாகப் போய்ப் பார்க்கும். நானும் அப்பா கைபிடித்து நடந்த கடைத்தெருவைத் தேடிப்பார்த்தேன். மட்டமாக ஒரு கல்வரிசை கண்டேன். ரொட்டிக் கடை வாசற்படி என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

உங்கள் சுரண்டியிலோ மண்வெட்டியிலோ விளிம்பு கொத்திய பளிங்குக்கல் தட்டுப்பட்டால், தயவுசெய்து கழுவித் தேய்க்காதீர்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் மலை, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கல்லோடு வையுங்கள். இடம் தெரியாத கல் ஆய்வாளருக்குப் பாதிக் கல். எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

அந்தப் பையனைப் போன பொங்கலுக்கு ஹற்றன் பஸ் நிலையத்தில் கண்டேன். இப்போது கொழும்பில் கடை வேலை. கல்லைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு நினைவே இல்லை. ஏழாம் நம்பர் மலைக்கு ஒருநாள் போய்ப் பார்ப்போமா என்றேன். "அதைக் காடா விட்டுட்டாங்க சேர், உள்ளே போக முடியாது" என்றான்.

வணக்கம்.