பிடிக்கிற கை

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சர்க்கஸில் நம்மை ஈர்ப்பது ஆபத்தா, ஆற்றலா? ஆபத்துதான் என்று எதிரணி அண்ணன் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். "விழுவானா, மாட்டானா என்று பார்க்கத்தானே டிக்கெட் எடுக்கிறோம்" என்றார். ஆற்றலே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் ஊர்ப் பொருட்காட்சித் திடலில் சர்க்கஸ் போட்டிருந்தார்கள். கேலரிப் பலகையில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார் விளையாட்டு. கூடாரத்தின் உச்சியில் ஒரு பெண் ஊஞ்சலை விட்டுவிட்டுக் காற்றில் இரண்டு கரணம் போட்டாள். எதிர் ஊஞ்சலில் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்கியவரின் விரல் நுனி உரசியது, பிடி கிடைக்கவில்லை. வலையில் விழுந்தாள். பேண்டு வாத்தியம் அப்படியே நின்றது.

விழுவதைப் பார்க்க வந்த கூட்டம் என்றால், அந்த நிமிஷமே கொடுத்த காசு செரித்துவிட்டதே! எழுந்து போயிருக்க வேண்டாமா? என் பக்கத்தில் இருந்த பாட்டி "ஐயோ, என் தாயீ" என்று நெஞ்சில் கை வைத்தார். அந்தப் பெண் வலையிலிருந்து இறங்கினாள். உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி நூலேணியில் கால் வைத்தாள். இரண்டாம் முறை பிடி விழுந்த 'பட்'டென்ற சத்தம் எங்கள் பலகை வரைக்கும் கேட்டது. அதற்குத்தான் ஐயா கூடாரமே எழுந்து நின்றது.

அந்தப் பிடியைக் கொஞ்சம் பாருங்கள். விரலோடு விரல் கோப்பதில்லை, வியர்வையில் வழுக்கிவிடும். அவர் இவள் மணிக்கட்டைப் பிடிப்பார். இவள் அவர் மணிக்கட்டைப் பிடிப்பாள். சுழல்கிறவள் நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த நொடியில் அவர் அங்கே வந்திருப்பார் என்று நம்பித்தான் ஊஞ்சலை விடுகிறாள். வலையில் விழுவதற்குக்கூடப் பயிற்சி உண்டு: மல்லாந்து, முதுகைக் கொடுத்து விழ வேண்டும். தாறுமாறாக விழுந்தால் வலையே எலும்பை முறித்துவிடும்.

1982இல் அமெரிக்காவின் டூசான் நகரில் மிகேல் வாஸ்கேஸ் மக்கள் முன்னால் காற்றில் நான்கு கரணம் போட்டார். சர்க்கஸ் உலகமே அதற்காகக் காத்திருந்தது. அவரைப் பிடித்த கை யாருடையது தெரியுமா? உடன்பிறந்தவர் ஹுவானுடையது.

நம் பக்கத்துக்கு வருவோம். மலபாரின் தலச்சேரியில் 1901இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இந்தியாவின் சர்க்கஸ் கூடாரங்களுக்கு ஆள் கொடுத்த ஊர் அது. ஆபத்துதான் சரக்கு என்றால் பள்ளிக்கூடம் எதற்கு? ஏதும் தெரியாத ஒருவரைக் கம்பியில் ஏற்றிவிட்டால் போதுமே. யாராவது உட்கார்ந்து பார்ப்போமா?

"சிங்கம் போன பிறகு கூட்டம் குறைந்ததே" என்றும் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. 1998இல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஐந்தையும் வித்தை காட்டப் பழக்கக் கூடாதென்று மத்திய அரசு அறிவித்தது. உச்ச நீதிமன்றமும் 2001இல் அதை உறுதிசெய்தது. கூட்டம் குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்டைக்குப் பயந்து ஸ்டூலில் ஏறிய சிங்கமும், தானே விரும்பி நூலேணி ஏறிய பெண்ணும் ஒரே கணக்கா, நடுவர் அவர்களே? அவள் ஏறினால் கைதட்ட எனக்கு மனம் கூசவில்லை.

நற்றிணையின் 95ஆம் பாட்டில் ஒரு கயிறு வருகிறது. ஆடுமகள் நடந்த முறுக்குக் கயிறு. இப்போது அதில் ஒரு குரங்குக் குட்டி தொங்கி ஆடுகிறது. குறவர் வீட்டுச் சிறுவர்கள் பார்க்கிறார்கள். குட்டி எப்போது விழும் என்று வாய்பிளந்து நிற்கவில்லை அந்தப் பிள்ளைகள். மூங்கில் வளர்ந்த பெரும்பாறை மேல் ஏறி, துள்ளி எழுந்து, அதன் ஆட்டத்துக்குத் தாளம் கொட்டுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.