கடல் அமிலமாவதற்கு யார் மேல் வழக்குப் போடுவது?

எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, எண்ணூர் முகத்துவாரத்தில் மஞ்ச மட்டிச் சிப்பியே இல்லாமல் போய்விட்டது. கடல் அமிலமாகிறது, அதனால் ஓடு கரைகிறது என்கிறார்கள். இதற்குச் சட்டம் இருக்கிறதா? யார் மேல் வழக்குப் போடலாம்?"

முதலில் மட்டி விஷயத்தைப் பேசிவிடலாம். எண்ணூரில் மஞ்ச மட்டி போனதற்குக் கடல் அமிலமானதுதான் காரணம் என்று மனு போட்டீர்கள் என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். கொசஸ்தலை ஆற்றின் அடியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. சூடான நீர் வந்து கலக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. இது போதாதென்று காக்கா ஆழி வேறு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த சிப்பி அது. கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிக்கொண்டு வந்து கொட்டும் தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். ஆற்றுப் படுகை முழுக்கக் கறுப்பாகப் படர்ந்து மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. அந்தக் காக்கா ஆழிக்கும் சுண்ணாம்பு ஓடுதான். ஓடு கரையும் அளவுக்குத் தண்ணீர் கெட்டிருந்தால் அது மட்டும் எப்படிச் செழிக்கிறது என்று நீதிபதி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அதற்காகக் கடல் அமிலமாவது பொய் இல்லை. நாம் எரிக்கும் நிலக்கரி, டீசலிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணுக்கு பி.எச். என்று பெயர்; அந்த எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது, ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த பி.எச். இப்போது 8.1 அளவில் இருக்கிறது. 0.1 தானே என்று தோன்றும். அந்த அளவுகோலின் கணக்குப்படி அமிலத்தன்மை கால்பங்கு கூடிவிட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் 2007 வாக்கில் பொரிப்பகங்களில் சிப்பிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தது இதனால்தான். வாஷிங்டன் மாநில அரசு 2012-இல் இதற்கென்றே தனிக் குழு போட்டது.

சரி, நம்மூர்ச் சட்டத்துக்கு வருவோம். கடல் அமிலமாவது என்று பெயர் போட்ட சட்டம் இந்தியாவில் கிடையாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் குழாயிலிருந்து விழுவதைப் பார்க்கும். 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் புகைபோக்கியைப் பார்க்கும். புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய், அங்கிருந்து கடலில் இறங்குகிற வாயு இரண்டுக்கும் நடுவில் நழுவிவிடுகிறது. 2015 பாரிஸ் பருவநிலை உடன்பாட்டில்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. யாரும் அதிகம் பேசாத ஓர் எண். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கடல்நீரை ஐந்து வகையாகப் பிரித்துத் தரம் வைத்திருக்கிறார்கள். முதல் வகைதான் உசத்தி: உப்பளம், சிப்பி எடுக்கும் இடம், கடல் உயிரின வளர்ப்பு. அதற்கு வைத்திருக்கும் பி.எச். வரம்பு 6.5 முதல் 8.5 வரை. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 8.1. இது 7.8 ஆனால் அமிலத்தன்மை இரண்டு மடங்கு. 7.1 ஆனால் பத்து மடங்கு. சிப்பிக் குஞ்சு ஒன்றுகூடத் தேறாது. அப்போதும் காகிதத்தில் அது முதல் தர நீர்! மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி 'வரம்புக்குள் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் பொய்யும் சொல்லவில்லை.

அமெரிக்க அளவுகோலிலும் இதே 6.5, 8.5 தான். ஆனால் கூடவே ஒரு வரி இருக்கிறது: அந்த இடத்தில் இயல்பாக இருக்கும் அளவிலிருந்து 0.2-க்கு மேல் விலகக் கூடாது. அந்த ஒரு வரி நமக்கு வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கை போட்டு விதியைத் திருத்தலாம். மீனவர் சங்கங்கள் கோரிக்கை வைப்பதென்றால் இதை வையுங்கள் என்பேன்.

சர்வதேச அளவில் ஒரு நகர்வு நடந்திருக்கிறது. சிறிய தீவு நாடுகள் சேர்ந்து ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்திடம் கருத்துக் கேட்டன. மனிதர்கள் காற்றில் விடும் கார்பன் டை ஆக்சைடு போன்ற பசுங்குடில் வாயுக்களும் கடலை மாசுபடுத்துவதுதான், அதைத் தடுக்கும் கடமை நாடுகளுக்கு உண்டு என்று 2024 மே 21 அன்று தீர்ப்பாயம் சொன்னது. பாரிஸ் உடன்பாட்டைப் பின்பற்றினால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது என்றும் சொன்னது. கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, ஆலோசனைக் கருத்து. ஆனால் அந்தத் தீர்ப்பாயத்துக்கு அடிப்படையான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 1995 முதல் இந்தியாவும் இருக்கிறது. இதை வைத்து அனல்மின் நிலையத்தை மூட வைக்கலாமா என்றால், முடியாது. மனுவில் ஒரு பத்தியாக வைக்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் கைக்கு எட்டுவது கழிவுநீர். சுத்திகரிக்காத கழிவுநீர் சேரும் இடத்தில் பாசி பெருகும். அது மட்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். அந்த இடத்து பி.எச். இன்னும் இறங்கும். அதாவது பக்கிங்காம் கால்வாயில் விழும் சாக்கடையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அதற்கு நீர்ச் சட்டம் நேராகவே பொருந்தும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆலைகளுக்கு வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையின் நகலையும் சோதனை முடிவுகளையும் கேளுங்கள். அப்புறம், புதிய திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால், கடல்நீரின் பி.எச். எத்தனை மாதம் அளந்தீர்கள் என்று எழுந்து கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பருவத்து மாதிரிதான் வைத்திருப்பார்கள். முகத்துவாரத்தில் ஓதம் ஏறி இறங்குவதற்குள் அந்த எண் மாறிவிடும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால், தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. காலக்கெடுவில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பொதுவான சுற்றுச்சூழல் தகராறுக்கு அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ஆறு மாதம்தான், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடும் சீரமைப்பும் கேட்பதற்கு 15-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் உண்டு. உங்கள் விஷயத்தில் சாம்பலையும் கழிவுநீரையும் முன்னால் வைத்து 15-இல் போவதுதான் சரி. ஊரில் மட்டி விற்ற பழைய சீட்டு, கணக்கு நோட்டு எது இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். இழப்பீடு என்றால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.